வலிக்கு ஒரு பெயர், அச்சத்துக்கு ஓர் அளவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வரும் ஓர் அவையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழுவது இயல்பே. எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவருக்கு உரியது. அவையோ கவிஞருக்கு உரியது. ஆயினும், ஒரு நோய் பல்லாண்டுக் காலம் கண்டறியப்படாமல் கிடப்பதற்கு உடலின் மறைவு ஒரு காரணம் என்றால், மொழியின் மௌனம் மற்றொரு காரணம் ஆகும். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு இடம் மாறி வளரும் நோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பே இவ்வுரையின் பொருள். முன்னதை மருத்துவர் எண்டோமெட்ரியோசிஸ் என்பர். இத்தொடர்பைப் பற்றி உரைக்க வேண்டுவன இரண்டு. வலிக்கு ஒரு பெயர் வேண்டும். அச்சத்துக்கு ஓர் அளவு வேண்டும்.

விழாவும் விலக்கும்

நாஞ்சில் நாட்டில் ஒரு பெண் பூப்பெய்தினால் அது ஊரறிந்த செய்தி. சடங்கு வைப்பர், பந்தல் இடுவர், தாய்மாமன் சீர் கொண்டு வருவார். உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழைத்துப் பெண்ணுக்கு ஊட்டுவர். இடுப்புக்கு வலு வேண்டும் என்பது பாட்டிமார் கூற்று. இவ்வளவு ஆரவாரத்தோடு தொடங்கும் ஒன்று அடுத்த மாதமே பேசக் கூடாத பொருளாகி விடுகிறது. 'தூரம்', 'தீட்டு', 'வீட்டுக்கு விலக்கு' என வழங்கும் சொற்கள் யாவும் பெண் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வன. அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்வன அல்ல.

பண்டை இலக்கியத்தை நோக்கினும் இந்நிலை விளங்கும். விலக்கான மகளிர் கலம் தொடாது ஒதுங்கி நிற்றலைப் பொன்முடியார் புறநானூற்றின் 299ஆம் பாடலில் உவமையாக்குகிறார். போர்க்களத்தில் ஒதுங்கி நின்ற குதிரைகளுக்கு அம்மகளிர் உவமை ஆயினர். தொல்காப்பியக் கற்பியலோ பூப்புக்குப் பிந்தைய பன்னிரு நாளும் தலைவன் பிரியலாகாது என விதிக்கிறது. ஓரிடத்தில் விலக்கு, மற்றோரிடத்தில் மகப்பேற்றுக்கான காலக்கணக்கு. அம்மூன்று நாளில் அப்பெண்ணின் வயிற்றில் நிகழ்வது யாது என்பது இரண்டிடத்தும் பேசுபொருள் ஆகவில்லை.

சித்த மருத்துவம் இத்துறையில் வளமுடையது. மிகு குருதிப்போக்குக்குப் 'பெரும்பாடு' என அது இட்ட பெயரில் நோயும் துன்பமும் ஒருங்கே தொனிக்கின்றன. ஆயினும் வழக்கில் வலி என்பது 'சூதக வயிற்றுவலி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போயிற்று. சுக்கும் பெருங்காயமும் வெந்தயமும் தந்தால் தணியும் வலியும், பள்ளிக்குப் போக விடாது பாயில் சுருட்டிப் போடும் வலியும் ஒரே பெயரால் வழங்கலாயின. வேறுபட்ட இரண்டுக்கு ஒரே பெயர் இருக்குமாயின், கொடியது எளியதன் நிழலில் மறைந்துகொள்ளும்.

'கலியாணம் ஆனால் சரியாகிவிடும்', 'ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்' என்பன வீடுதோறும் கேட்கும் ஆறுதல்கள். கருவுற்ற காலத்தில் சிலருக்கு வலி தணிவது உண்மை. அது நோய் தீர்ந்ததன் அடையாளம் அன்று. மேலும், இந்நோயே பலருக்குக் கருத்தரிப்பைத் தடுப்பது. எந்தப் பேற்றினால் நோய் தீரும் என்றனரோ, அந்தப் பேறு அந்நோயினாலேயே வாராது போக, 'மலடி' என்னும் சொல்லும் வந்து சேர்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் முன் பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்களுள் எத்தனை பேர் இந்நோயைச் சுமப்பவரோ, யார் அறிவார்!

நோயின் இயல்பு

கருப்பையின் உட்புறத்தே ஒரு மெல்லிய படலம் உண்டு. திங்கள்தோறும் தடித்து, கரு தங்காதபோது குருதியோடு கழிந்து, மீண்டும் வளர்வது அதன் இயல்பு. அதனை ஒத்த திசு சினைப்பையின் மீதோ, கருக்குழாயிலோ, வயிற்றறையின் உட்சவ்விலோ, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலோ வேர்கொண்டு வளர்தலே எண்டோமெட்ரியோசிஸ். அத்திசுவும் திங்கள்தோறும் குருதி கசியும். கசிந்த குருதி வெளியேற வழியில்லை. தேங்கிய இடம் புண்ணாகும், புண் வடுவாகும், வடுக்கள் உறுப்போடு உறுப்பை ஒட்ட வைக்கும். விலக்கு நாளில் தாங்கொணா வலி, உடலுறவில் வலி, மலம் கழிக்கையில் வலி, நாள்பட்ட அடிவயிற்று வலி, மகப்பேறின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இன்றி இந்நோய் உள்ளவரும் உண்டு.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி மகப்பேற்று வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேர், இதற்கு ஆளாகின்றனர். அறிகுறி தோன்றியபின் நோய் இன்னது எனத் தெளிவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகின்றன. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளமையின் ஒரு பகுதியைச் சென்னையில் தம் பாட்டி வீட்டில் கழித்து, அமெரிக்காவில் எழுத்தாளராகவும் தொலைக்காட்சிக் கலைஞராகவும் புகழ்பெற்றவர் பத்மா லட்சுமி. பதின்மூன்று வயது முதல் வலியில் துடித்த அவருக்கு நோயின் பெயர் தெரிந்தது முப்பத்தாறாம் வயதில்தான். 2009இல் மருத்துவர் தாமர் செச்கினுடன் சேர்ந்து அவர் அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையை நிறுவினார். செல்வமும் மருத்துவமும் மலிந்த நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கே இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின என்றால், தோவாளையில் பூத்தொடுக்கும் பெண்ணுக்கும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்ணுக்கும் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

நெய்யூர் தந்த பாடம்

ஒரு பழக்கத்துக்கோ ஒரு நோய்க்கோ புற்றுநோயோடு தொடர்பு உண்டு என மருத்துவம் எவ்வாறு துணிகிறது? இவ்வினாவுக்கு விடை தேடித் தொலைவு போக வேண்டுவதில்லை. நாஞ்சில் நாட்டுக்கு அண்மையில் உள்ள நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கினர். எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் பின்னர் அங்கு நெடுங்காலம் பணிபுரிந்தார். அவரோடு பணியாற்றிய மருத்துவர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்வோரிடையே காணப்பட்ட வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். எதை மென்றனர், எவ்வாறு மென்றனர், கன்னத்தின் எப்பக்கத்தில் அடக்கினர் என நோயாளிகளை வினவிப் பெறும் விடைகளிலிருந்தே இத்தகைய ஆய்வு உருவாகிறது. நோயாளியின் சொல்லே ஆய்வுக்கு முதற்பொருள்.

வாய்ப்புற்று கண்ணுக்குத் தெரிவது. வெற்றிலை மெல்வதைச் சொல்ல எவரும் நாணுவதில்லை. ஆகவே அந்தத் தொடர்பு பேசப்பட்டது, எழுதப்பட்டது. சினைப்பையோ இடுப்புக்கூட்டின் ஆழத்தில் பாதாம் பருப்பளவில் மறைந்திருப்பது. அதைப் பற்றிய வினாவும் நாணத்துக்குரியது, விடையும் நாணத்துக்குரியது என்னும் நிலையில், நோயாளியின் சொல் மருத்துவரைச் சென்று சேர்வதில்லை.

இத்தடையை உடைக்கப் பெண்களே மருத்துவர் ஆக வேண்டியிருந்தது. 1886இல் பிறந்த இருவரை ஈண்டு நினைத்தல் தகும். ஒருவர் திருவிதாங்கூரின் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு வரலாறு பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938இல் அரசின் தலைமை மருத்துவப் பொறுப்பை ஏற்றவர். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனையும் திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே, ரேடியம் நிலையமும் அமைத்தவர் அவரே. மற்றவர் புதுக்கோட்டையில் தோன்றிய முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைச் செயற்படச் செய்தார். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த இம்மாவட்டம் இவ்விருவர் பணிக்கும் வழிவழி உரிமையுடையது.

தொடர்பு கண்ட வரலாறு

நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன், 1921இல் சினைப்பையில் பழங்குருதி தேங்கிய கட்டிகளை விரித்துரைத்தார். உள்ளிருப்பது சாக்லேட் குழம்பின் நிறத்தது ஆதலின் அவற்றுக்குச் சாக்லேட் கட்டி என்னும் பெயர் நிலைத்தது. நாஞ்சில் நாட்டில் ஒருவர் கண்டிருப்பின் கருப்பட்டிப் பாகு என்றிருப்பார். 1925இல் அவரே அத்தகைய திசுவிலிருந்து புற்று எழுந்த நேர்வுகளை வெளியிட்டார். ஒரே சினைப்பையில் இரண்டும் இருத்தல் வேண்டும். புற்று வேறிடத்திலிருந்து பரவியதாக இருத்தலாகாது. கருப்பைப் படலத்துக்குரிய திசு அமைப்பு சூழ்ந்திருத்தல் வேண்டும் என அவர் வரையறை செய்தார். 1953இல் ஸ்காட் என்பார், நல்ல திசு புற்றாக மாறும் இடைநிலையும் காணப்பட வேண்டும் என நான்காவது நெறியைச் சேர்த்தார். இலக்கணம் வகுப்பார் போன்று மருத்துவரும் விதி வகுத்தே முடிவுக்கு வந்தனர் என்பது புலவர் அவைக்கு உவப்பளிக்கும் செய்தி.

2012இல் 13 ஆய்வுகளின் தரவுகள் ஒன்றுதிரட்டப்பட்டன. சினைப்பைப் புற்றுநோய் கொண்ட 7,911 பெண்களும் அந்நோய் இல்லாத 13,226 பெண்களும் ஒப்பிடப்பட்டனர். அதன் முடிவு நுட்பமானது. சினைப்பைப் புற்றுநோய் என ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் பல நோய்களின் கூட்டு. அவற்றுள் தெளிசெல் வகை எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவரிடம் ஏறத்தாழ மும்மடங்கும், கருப்பைப் படலத்தை ஒத்த எண்டோமெட்ரியாய்டு வகை இருமடங்கும் மிகுந்து காணப்பட்டன. மிகப் பரவலானதும் மிகக் கொடியதுமான உயர்நிலைச் சீரச வகையோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இவ்வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தொடங்குவது என்பர்.

காரணம் யாது? தேங்கிய குருதியின் இரும்புச்சத்து உயிரணுக்களைத் தாக்கும். நீங்காத அழற்சி அவற்றை மேலும் நலிவிக்கும். புற்றைத் தடுக்கும் மரபணுக்களுள் ஏ.ஆர்.ஐ.டி.1ஏ என்பது ஒன்று. தெளிசெல் வகையில் ஏறத்தாழப் பாதி நேர்வுகளில் அது பழுதுற்றிருந்ததை 2010இல் கண்டனர். அப்பழுது அண்டையில் உள்ள எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் காணப்பட்டது. ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, புற்று அறவே இல்லாத பெண்களின் எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் புற்றோடு தொடர்புடைய மரபணுப் பழுதுகள் இருப்பதைக் காட்டிற்று. ஆகவே பழுது உண்டென்பதால் புற்று வந்தே தீரும் என்பது இல்லை.

அச்சத்தின் அளவு

'மும்மடங்கு', 'நான்மடங்கு' என்னும் சொற்கள் செவியில் விழுந்தவுடன் நெஞ்சு நடுங்கும். எதன் மும்மடங்கு என வினவுதல் அறிவுடைமை. ஐரோப்பிய மகப்பேற்றியல் சங்கம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஆயிரம் பெண்களுள் வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் காண்பவர் 13 பேர். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஆயிரவருள் 18 பேர். சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் பெண்களுள் ஆயிரம் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கொள்வோமாயின், அவர்களுள் 982 பேரைச் சினைப்பைப் புற்றுநோய் அணுகுவதில்லை.

2024இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், இந்நோயுடைய 78,893 பெண்களைப் பிறரோடு ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. இடர் 4.2 மடங்கு என்றும், சினைப்பைக் கட்டியோ ஆழ ஊடுருவிய நோயோ உள்ளவர்க்கு 9.7 மடங்கு என்றும் அது கணித்தது. கேட்கப் பேரச்சம் தரும் இவ்வெண்ணுக்குப் பின்னால் அவ்வாய்வே தரும் மற்றோர் எண் உண்டு: எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பதினாயிரம் பெண்களிடையே மிகுதியாகக் காணப்பட்ட புற்றுநோய் ஏறத்தாழப் பத்து. ஒப்பீட்டுக்கு, பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணுப் பழுதைக் குடும்பவழிப் பெற்ற நூறு பெண்களுள் ஏறத்தாழ நாற்பதின்மர் வாழ்நாளில் இப்புற்றுக்கு ஆளாகலாம். எண்டோமெட்ரியோசிஸ் அத்தகைய இடர் அன்று.

அளவு சிறிது என்பதால் பொருட்படுத்தாது விடுவதும் தகாது. இந்தியாவில் 2022இல் ஏறத்தாழ 47,000 பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் புதிதாகத் தோன்றியது. ஏறத்தாழ 33,000 பேர் இறந்தனர் என்பது பன்னாட்டு மதிப்பீடு. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்து நிற்பது இதுவே. முற்றிய பின்னரே பெரிதும் கண்டறியப்படுவதுதான் இதன் கொடுமை. எல்லாப் பெண்களையும் குருதிச் சோதனையாலும் ஸ்கேன் படத்தாலும் ஆண்டுதோறும் சோதித்தால் உயிர்கள் காக்கப்படுமா என இங்கிலாந்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்தனர். இறப்பு குறையவில்லை என 2021இல் முடிவு கூறினர். அச்சோதனையில் பார்க்கப்படும் சி.ஏ.125 என்னும் பொருள் எண்டோமெட்ரியோசிஸ் நோயிலேயே உயரக்கூடும் ஆதலின், அவ்வெண்ணை மட்டும் கண்டு அஞ்சுதலும் பிழை. கருப்பை வாய்க்குச் செய்யும் பாப் சோதனை சினைப்பைப் புற்றைக் காட்டாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பின் செய்யத்தக்கது யாது? வயிறு தொடர்ந்து உப்பியிருத்தல், சிறிது உண்டவுடன் நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றல் ஆகியவை புதிதாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடிப்பின், 'வாயு' எனத் தள்ளாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். முன்பே சாக்லேட் கட்டி இருப்பின், அது விரைந்து வளர்தல், அதனுள் திண்மையான பகுதி தோன்றல், விலக்கு நின்ற வயதிலும் பெரிதாதல் ஆகியவை உடனே கருதத்தக்கன. குடும்பத்தில் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் கண்டோர் இருப்பின் அதனை மருத்துவரிடம் கூறுதல் கட்டாயம். ஹார்மோன் மருந்துகளும் அறுவையும் வலியைத் தணிக்க உதவுவன. கருத்தடை மாத்திரை சினைப்பைப் புற்றின் இடரைக் குறைப்பதும் ஆய்வால் தெளிந்த செய்தி. யார்க்கு எது பொருந்தும் என்பதை முடிவு செய்தல் மருத்துவர் கடன். உள்ளதை உள்ளபடி அவரிடம் உரைத்தற்கு வாய்ப்பளித்தல் குடும்பத்தின் கடன்.

கவிஞரின் கடன்

'சூல்' என்னும் சொல்லைத் தமிழ் எத்துணைப் பரிவோடு கையாண்டது! கடல்நீர் முகந்த மேகம் சூல் கொண்டது; கதிர் ஈனும் முன் நெற்பயிர் சூல் கொண்டது. நாஞ்சில் வயல்களில் இன்றும் அப்பேச்சு வழங்குகிறது. பயிரின் சூலைப் பார்த்து வரப்பில் நின்று பேசும் உழவர், வீட்டில் மகளின் சூலகம் நோவதைப் பேச நாணுகிறார். இது சொல்லில்லாக் குறை அன்று. உள்ள சொல்லைப் பெண்ணுடலுக்கு உரிமையாக்காத குறை.

தேரூர் தந்த கவிமணி, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பாடியபோது ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே அதை அமைத்தார். சொத்துரிமைச் சிக்கலை அறிஞர் பலர் கட்டுரையில் வாதிட்டிருப்பர். வீட்டுக்குள் துன்புற்றவளின் குரலில் கேட்டபோதுதான் நாடு சிரித்துக்கொண்டே தலைகுனிந்தது. சித்த மருத்துவம் பயின்ற குட்டி ரேவதி 2002இல் தம் தொகுப்புக்கு 'முலைகள்' எனப் பெயரிட்டபோது எழுந்த எதிர்ப்பு, பெண்ணுடலின் பெயர் சொல்வதற்கே எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதைக் காட்டிற்று. தமிழ்த் திரையில் 'பம்பாய்' படத்தால் அறியப்பெற்ற மனிஷா கொய்ராலா, 2012இல் தமக்குக் கண்ட சினைப்பைப் புற்றுநோயை மறைக்கவில்லை; மீண்டு வந்து 2018இல் அதை நூலாகவும் எழுதினார். அவர் நோயின் காரணம் ஈண்டுப் பேச்சன்று. அவர் வெளிப்படப் பேசியதே பேச்சு.

இம்மாவட்டப் பெண்களுக்குத் தமக்குள் பேசிக்கொள்ளும் மரபு புதிதன்று. செவ்வாய் இரவில் ஆண்கள் காணாதவாறு கூடிக் கொழுக்கட்டை அவித்து ஔவை நோன்பு நோற்கின்றனர். ஒரு பெண்பாற் புலவரைத் தெய்வமாக நடுவில் இருத்தி, கிழவியும் மருமகளும் குமரியும் ஓரிரவு ஒன்றாய் அமரும் அவ்விடத்தில், 'எனக்கு இந்த நாளில் எழுந்து நிற்க முடியவில்லை அத்தை' என ஒரு பெண் சொல்லவும், 'அது சாதாரண வலி அல்ல மோளே, டாக்டரைப் பார்ப்போம்' என மூத்தவள் ஒருத்தி மறுமொழி கூறவும் இயலுமாயின், பன்னிரண்டு ஆண்டுக் காலத் தாழ்ப்பு ஓரிரவில் குறையும்.

அதற்குச் சொல் வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் என்பதற்கு 'அகப்படலப் புறவளர்ச்சி' என்பது போல் மொழிபெயர்ப்பாளர் ஆக்கித் தரும் தொடர்கள் பாடநூலுக்குப் பயன்படலாம். அடுப்படியில் நிலைக்குமா என்பது ஐயம். 'பெரும்பாடு' என ஒரு காலத்தில் யாரோ இட்ட பெயர் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது, அதில் பெண்ணின் பாடு இருந்ததால். அத்தகைய ஒரு சொல்லை இந்நோய்க்கும் கண்டு தருவது கவிஞரால் ஆவது. தீட்டை நினைவூட்டாததாய், பழி ஏற்றாததாய், பாட்டியும் பேத்தியும் ஒருங்கே உச்சரிக்கத் தக்கதாய் அச்சொல் அமைதல் வேண்டும். பத்தாண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை அச்சொல்லைத் தேடும் அமர்வாக நடத்தலாம். மகப்பேற்று மருத்துவர் ஒருவரும் ஔவை நோன்பு நோற்கும் மூதாட்டியர் சிலரும் கவிஞரோடு அன்று அவையில் இருப்பின் அத்தேடல் சிறக்கும்.